காலை ஏழு மணிக்கு அப்பாயியோடு யார்? பாரிசவாதத்துக்குப் பின் ஒரு லயத்து வீட்டின் பராமரிப்புத் திட்டம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் நடந்தது இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயாளிக்கு 71 வயது. பேரப்பிள்ளைகள் அப்பாயி என்று கூப்பிடுவதால் இங்கே நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து, இனி வீட்டில் என்ன செய்வது என்று பேசி ஒழுங்கு செய்வது என் வேலை. பல வீடுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: "யார் பார்ப்பது?" என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் சண்டையில் போய் நிற்கிறது. "எந்த நேரத்தில் என்ன தேவை?" என்று தொடங்கினால் ஏதாவது ஒரு வழி தெரிகிறது. இந்தக் குடும்பத்தில் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. அதனால்தான் இதை எழுத எடுத்தேன்.

குடும்பமும் வீடும்

அப்பாயி பதினாறு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கத் தொடங்கியவர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மூத்த மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார். நடு மகன் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறார். கடையின் மேல்மாடியில் மற்றப் பையன்களோடு படுக்கை. சின்ன மகன் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிறார், ஒரு கிழமை பகல் ஷிப்ட், ஒரு கிழமை இரவு ஷிப்ட். அவருடைய மனைவி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்: பதினொராம் வகுப்பில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன். அப்பாயி இருப்பது இந்த வீட்டில்தான்.

வீடு என்பது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), அதற்கு முன்னால் அடைத்து எடுத்த இஸ்தோப்பு (முன்திண்ணை), பின்னால் குசினி. அடுப்பு விறகடுப்பு. கக்கூஸ் வெளியே, பதினொரு படி கீழே. பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) அதற்கும் கீழே. மழைக்காலத்தில் அந்தப் படிகளில் பாசி பிடித்துவிடும். திட்டம் போடும்போது நோயைப் பற்றி எவ்வளவு எழுதினேனோ அவ்வளவு இந்தப் படிகளைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது.

ஒரு விடியற்காலை பீலிக்கரையில் அப்பாயி சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பாரிசவாதம் (ஸ்ட்ரோக்). அம்புலன்ஸுக்கான 1990 என்ற எண்ணுக்கு அடித்தார்கள். அம்புலன்ஸ் பெரிய ரோட்டு வரைதான் வரும். லயத்து ஆட்கள் கம்பளியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. ஆனால் வலது பக்கம் முழுக்கச் சோர்ந்துபோனது, பேச்சு நின்றுபோனது. ஏற்கெனவே பிரஷரும் சீனியும் (நீரிழிவு) இருந்தன. உடம்பு சுகமாக இருக்கிறதே என்று பிரஷர் மாத்திரையை அவர் சில மாதங்களாக விட்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

வார்டில் நடந்த பேச்சு

நாளைக்கு டிக்கெட் வெட்டப்போகிறார்கள், அதாவது வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் எனக்கு அழைப்பு வந்தது. இது வழக்கம். டிக்கெட் வெட்டும் நாள் வரைக்கும் குடும்பங்கள் நோயைப் பார்க்கின்றன, வீட்டைப் பார்ப்பதில்லை. என் பேச்சைக் கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது, வார்டில் சேர்த்த மூன்றாம் நாளே வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள் என்பது. சோறு ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நர்ஸ்மார் தினமும் உங்கள் கண் முன்னால் செய்கிற வேலைகள். கேட்டால் சொல்லித்தருவார்கள். சிங்களம் சரளமாகப் பேசவராதவர்கள் கேட்கவே தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க லயத்திலிருந்து சிங்களம் தெரிந்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனாலே போதும்.

அன்று பார்வை நேரத்தில் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். மகள் குவைத்திலிருந்து வட்ஸ்அப்பில். அவர் கேட்டது: "மாசாமாசம் காசு அனுப்புறேன்ல? அப்புறம் ஏன் மாத்திரை நின்னுச்சு?" சின்ன மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "காசு அனுப்பிட்டாப் போதுமாக்கா? ராத்திரி எந்திரிச்சு யாரு பாக்குறது?" நடு மகன், அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எங்கே வைத்துப் பார்ப்பீர்கள் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடம் பதில் இல்லை. ஆனால் அம்மாமேல் எனக்கும் பாசம் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. மருமகள் ஒரு வார்த்தையும் பேசாமல் அப்பாயியின் காலை நீவிக்கொண்டு நின்றார். பிறகு வராந்தாவில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "மிஸ், நான் பெரட்டுக்குப் (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) போகாட்டி வீடு எப்படி ஓடும்? இதைச் சொன்னா மாமியார பாக்க மனசில்லாதவன்னு சொல்லுவாங்க."

முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைக் கைவிடக்கூடாது என்று பிள்ளைகள்மேல் கடமையை வைக்கிறது. கவனிக்கப்படாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் இடம் தருகிறது. யாரோ இதைக் கேள்விப்பட்டு நடு மகனை அந்த வார்டிலேயே மிரட்டினார்கள். உண்மையிலேயே கைவிடப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும். எல்லோரும் தவித்துக்கொண்டு நிற்கும் ஒரு வீட்டில் அதை முதல் நாளே எடுத்து வீசினால், இருக்கிற ஒட்டும் போய்விடும்.

மணிக்கணக்கில் எழுதிய தாள்

மறுநாள் டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியவில்லை. அப்பாயியைத் தூக்கிக்கொண்டுவந்து இஸ்தோப்பில் கிடத்திய பிறகு, பேத்தியின் கொப்பியிலிருந்து நடுத்தாளைக் கிழித்து வாங்கி, காலை நான்கரையிலிருந்து கோடு போட்டேன். ஆட்களின் பெயர் எழுதாமல் தேவைகளை மட்டும் முதலில் எழுதினோம். விடியலில் துணி மாற்றி உடம்பு துடைப்பது. ஏழு மணிக்குள் கஞ்சி. மாத்திரை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுவது. பத்து மணிக்கு உட்காரவைப்பது. மதியம் குழைத்த சோறு. பின்னேரம் கைகால் அசைக்கும் பயிற்சி. இரவு மூன்று தடவை புரட்டுவது.

எழுதி முடித்ததும் எல்லோருக்கும் ஒன்று கண்ணில் பட்டது. காலையிலும் அந்திக்குப் பிறகும் வீட்டில் ஆள் இருக்கிறது. இரண்டு மணிக்குப் பிறகு பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள். ஓட்டை விழுவது காலை ஏழிலிருந்து பின்னேரம் இரண்டு வரைதான், அதுவும் சின்ன மகன் பகல் ஷிப்ட் போகும் கிழமைகளில் மட்டும் முழு ஓட்டை. இரவு ஷிப்ட் கிழமையில் அவர் காலையில் வந்து படுப்பார். ஆள் வீட்டில் உண்டு, ஆனால் தூக்கத்தில். அதுவரை "அம்மாவை யார் ஏற்றுக்கொள்வது" என்ற மலைபோன்ற கேள்வியாக இருந்தது, "ஏழு மணி முதல் இரண்டு மணி வரை யார்" என்று கைக்கு அடங்கும் கேள்வியாக மாறியது. குவைத்து மகள் அழுகையை நிறுத்திவிட்டு, "அந்த நேரத்துக்கு ஒரு ஆள் போட்டா எவ்வளவு?" என்று கேட்டார்.

அதற்கு முன் இன்னொரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். மருமகளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லோருடைய மனத்திலும் இருந்தது. அது செலவில்லாத வழி என்று நினைத்தார்கள். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதத்தில் 20 நாள் முழுப்பேர் (முழு நாள் வேலை) விழுந்தால் 27,000 ரூபாய். அதற்கு மேல் தோட்டம் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், 3,240 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 810 ரூபாய். கூட்டினால் 31,050. மருமகள் வீட்டில் நின்றால் மாதாமாதம் போவது இவ்வளவு. குவைத்திலிருந்து வருவதோ 25,000. இந்த எண்ணைப் பார்த்த பிறகு "காசு அனுப்புறேன்ல" என்ற பேச்சு அந்த வீட்டில் வரவில்லை. போதாக்குறைக்கு, பேர் பதிந்தவர் வேலைக்குப் போகாவிட்டால் காம்பரா கையைவிட்டுப் போகுமோ என்ற பயமும் லயங்களில் பழையது. அந்தப் பயத்தோடு ஒரு பெண்ணை வீட்டில் உட்காரவைத்து நோயாளியைப் பார்க்கச் சொல்வது இருவருக்குமே நல்லதில்லை.

லயத்தின் தொங்கல் (கடைசி) காம்பராவில் ஒரு பெரியம்மா இருக்கிறார், வேலையிலிருந்து நின்றவர், அப்பாயியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். அவர் ஏழு மணிக்கு வந்து இரண்டு மணி வரை நிற்பது என்று ஆனது. மாதம் 12,000 ரூபாய். அவர் முதலில் வாங்க மாட்டேன் என்றார்: "ஒரே லயத்துல இருந்துக்கிட்டு இதுக்குப் போயி காசா?" நான் விடவில்லை. காசு வாங்காத உதவி முதல் மாதம் நன்றாக ஓடும். இரண்டாம் மாதம் அவருக்கு ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு கோயில் திருவிழா வரும். வரமுடியாது என்று சொல்ல அவருக்கும் வாய் வராது, ஏன் வரவில்லை என்று கேட்க இவர்களுக்கும் வாய் வராது. மெல்ல மெல்ல நின்றுபோகும். சம்பளம் என்று வந்தால் லீவும் கேட்கலாம், குறையும் சொல்லலாம். சம்பள நாளில் சின்ன மகன் எல்லோருக்கும் முன்னால் அவர் கையில் கொடுப்பது என்று முடிவானது.

நடு மகன் மாதம் 8,000 ரூபாய் பேம்பர்ஸுக்கும் ஆட்டோவுக்கும் தருவதென்றும், மாதக் கடைசிச் சனி இரவு பஸ்ஸில் வந்து ஞாயிறு முழுக்க அம்மாவோடு இருப்பதென்றும் ஒத்துக்கொண்டார். அந்த ஞாயிறு மருமகளுக்கு முழு ஓய்வு; சமையலும் இல்லை. கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னவருக்கு, உண்மையிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்ததில் நிம்மதி தெரிந்தது.

அப்பாயியிடம் கேட்டது

இதுவரை பேசியதெல்லாம் அப்பாயியின் தலைக்கு மேலால் நடந்த பேச்சு. "அவங்களுக்கு ஒண்ணும் வெளங்காது மிஸ், மூளை கலங்கிருச்சு" என்று சின்ன மகன் சொன்னார். பேச்சு வராததைப் புத்தி போனதாக எடுத்துக்கொள்வது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் துயரம். வலது பக்கம் விழுந்தால் அடி இடப்பக்க மூளையில். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் இடமும் அங்கேதான். சொல் வெளியே வராமல் போகலாம், கேட்பது விளங்கிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு விளங்குகிறது என்று ஒவ்வொருவரிடமும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணை மூடச் சொன்னேன், மூடினார். இது ஆஸ்பத்திரியா என்று கேட்டேன், தலையை இல்லையென்று ஆட்டினார். இடது கையை என் கையில் வைத்து, ஆமென்றால் ஒரு அழுத்து, இல்லையென்றால் இரண்டு என்று பழக்கினோம். கொழும்புக்குப் போவதா? இரண்டு அழுத்து, உடனே. கட்டில் உள்காம்பராவிலா? இரண்டு. இஸ்தோப்பிலா? ஒன்று.

அப்புறம் ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் சின்ன மகன் துணி மாற்ற வந்தபோதெல்லாம் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். கோபம், நோயால் குணம் மாறிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். "மகன் ஒடம்பு கழுவிவிடுறது கூச்சமா இருக்கா?" என்று கேட்டேன். என் விரல் வலிக்கும்படி ஒரே அழுத்து. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து உடம்பு கழுவுவதும் துணி மாற்றுவதும் மருமகளும் பெரியம்மாவும். தூக்கி உட்காரவைப்பது, சோறு ஊட்டுவது, மாத்திரை, இரவில் புரட்டுவது மகன். தாளில் பெயர் எழுதியது இதற்குப் பிறகுதான். திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வரி இதுதான், ஏனென்றால் அப்பாயி தானே சொல்லி எழுதவைத்த வரி அது.

பேத்தி ஒரு அட்டையில் தேத்தண்ணிக் கோப்பை, கக்கூஸ் வாளி, கம்பளி, வலிக்கிற முகம் என்று படம் வரைந்து கட்டிலோரம் தொங்கவிட்டாள். அப்பாயி இடது கையால் தொட்டுக் காட்டுவார்.

பேத்தியைப் பற்றி

தாளில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு பேத்தியின் பெயர் இருந்தது. அதில் தப்பில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாயிக்குத் தண்ணீர் கொடுத்து, பேச்சுக்கொடுத்து இருப்பது அவளுக்கும் பிடித்தது. ஆனால் இரண்டாம் கிழமையே பெரியம்மா வரமுடியாத ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த கிழமை இரண்டு நாள். "பொம்பளப்புள்ள தானே, வீட்டுல ஒத்தாசையா இருக்கட்டும்" என்று லயத்தில் யாரோ சொல்ல, வீட்டிலும் அது மெல்ல ஊறத் தொடங்கியது.

இந்த இடத்தில் நான் மென்மையாகப் பேசவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு மாதங்கள்தான் இருந்தன. இலங்கையில் 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்பது 2016 முதல் கட்டாயம், அதைச் சொன்னேன். ஆனால் சட்டத்தைவிட அவர்களை அசைத்தது வேறு. அப்பாயியிடமே கேட்கச் சொன்னேன். "பாப்பா படிப்ப நிப்பாட்டி ஒங்களப் பாக்கட்டுமா அம்மா?" என்று மருமகள் கேட்டார். இரண்டு அழுத்து, அதன் பிறகும் கையை விடாமல் திரும்பவும் இரண்டு. பதினாறு வயதில் கொழுந்துக்கூடை தூக்கியவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தாளில் ஒரு விதி சேர்த்தோம்: பெரியம்மா வராத நாளில் சின்ன மகனோ மருமகளோ வேலையை விடுவார்கள், மாறிமாறி, பிள்ளை விடமாட்டாள். ஒரு பேர் போகும், 1,350 ரூபாய். அதைக் கொழும்பு மகனின் காசிலிருந்து ஈடுசெய்வது. அப்படிப்பட்ட நாட்கள் வந்தன. செலவு செய்தார்கள்.

தவறிய இடங்கள்

திட்டம் எழுதியபடியே ஓடவில்லை. மூன்று இடத்தில் சறுக்கியது.

முதலாவது சாப்பாடு. பாரிசவாதம் வந்தவர்களில் பாதிப்பேர் அளவுக்கு ஆரம்பத்தில் விழுங்குவது சிக்கலாக இருக்கும். வார்டில் கஞ்சியும் குழைசோறும்தான் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அப்பாயி அட்டையில் தேத்தண்ணியைக் காட்ட, பெரியம்மா பாசத்தோடு ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து, படுத்த நிலையிலேயே ஊட்டியிருக்கிறார். புரையேறி மூச்சுத் திணறி, மறுபடி 1990, மறுபடி கம்பளித் தூக்கு, நெஞ்சில் சளிக்காய்ச்சல், ஒரு கிழமை ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபின் ஊட்டும் முறையை எல்லோருக்கும் கட்டிலருகே வைத்துக் காட்டினோம். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கி முடிந்த பிறகே அடுத்த வாய். வலது கன்னத்துக்குள் சோறு அடைந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் படுக்கவைக்காதது. தண்ணியாக இருப்பதுதான் அதிகம் புரையேறும் என்பது பலருக்கு ஆச்சரியம். தேத்தண்ணியைக்கூட அரிசிக் கஞ்சிபோலத் தடிப்பாக்கிக் கொடுக்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இரண்டாவது குளிர். பனிக்காலத்தில் காலடியில் சுடுதண்ணிப் போத்தல் வைப்பது மலையகத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். அப்பாயியின் வலது காலில் உணர்ச்சி இல்லை. போத்தல் ஒட்டிக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. காலையில் பார்த்தால் குதிகாலுக்கு மேல் கொப்புளம். சீனி இருப்பதால் அந்தப் புண் ஆற நீண்ட நாள் எடுத்தது, தோட்டத்து டிஸ்பென்சரியில்தான் மருந்து கட்டினார்கள். இப்போது போத்தலைப் படுக்கையில் முன்னாடியே வைத்துச் சூடாக்கி, அவரைக் கிடத்தும் முன் எடுத்துவிடுகிறார்கள். காலுக்கு இரண்டு சோடி கம்பளி மேஸ் (காலுறை).

மூன்றாவது மருமகள். ஆறாம் கிழமை போல, கொழுந்துக் கூடையோடு மலையில் உட்கார்ந்துவிட்டார். முதுகு. நான் போய்ப் பார்த்தபோது அவர் அப்பாயியைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தார், அக்குளில் கை கொடுத்து. அப்படித் தூக்கினால் தூக்குபவரின் முதுகும் போகும், நோயாளியின் விழுந்த பக்கத் தோளும் மூட்டிலிருந்து இறங்கிவிடும். வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. கதிரையை நல்ல பக்கத்தில், அப்பாயிக்கு இடது பக்கத்தில் வைத்து, முழங்காலுக்கு முழங்கால் முட்டுக்கொடுத்து, இடுப்பில் கட்டிய துணியைப் பிடித்துத் திருப்பி உட்காரவைக்கும் முறையை ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறையில் சின்ன மகன் ஒரு காலையில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினார். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பது என்ற சின்ன விஷயம்கூட தினமும் கால்மணி நேரத்தையும் ஒரு முனகலையும் மிச்சப்படுத்தியது.

முதுகு ஒரு காரணம், தூக்கம் இன்னொன்று. இரவு பத்து, ஒன்று, நான்கு என்று மூன்று தடவை புரட்டவேண்டும். இரவு ஷிப்ட் கிழமைகளில் மூன்றுமே மருமகளின் தலையில் விழுந்திருந்தது. பகல் தாளைப் பார்த்துப் பார்த்து எழுதிய நாங்கள் எல்லோரும் இரவுத் தாளில் அவசரப்பட்டிருந்தோம். மாற்றினோம். இரவு ஷிப்ட் கிழமையில் பத்து மணிக்கு மருமகள், ஒரு மணிக்குப் பெரியம்மாவின் மகன் உதவியோடு பெரியம்மா, நான்கரைக்கு எப்படியும் எழும்புகிற மருமகள். அதற்காகப் பெரியம்மாவின் காசு அந்தக் கிழமைகளில் கூடியது. நல்ல தடித்த பஞ்சு மெத்தை ஒன்று குவைத்துக் காசில் வந்தது. தோலில் அடையாளம் இல்லாதவரை இந்த இரவு இடைவெளி போதும் என்று நர்ஸிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். நம்முடைய நிறத்துத் தோலில் படுக்கைப் புண்ணின் தொடக்கம் சிவப்பாகத் தெரியாமல் போகலாம். இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் அடிப்பக்கம் ஆகிய இடங்களை உள்ளங்கையால் தடவி, சூடாகவோ கட்டியாகவோ இருக்கிறதா என்று விடியலில் பார்க்கவேண்டும். மருமகள் அதைத் தவறவிட்டதே இல்லை. இன்றுவரை படுக்கைப் புண் வரவில்லை.

கக்கூஸுக்குப் பதினொரு படி. சக்கர நாற்காலிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுதிக்கொடுத்தோம், ஆனால் அந்தப் படிகளில் அது எதற்கும் உதவாது. பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் தச்சரைக் கொண்டு வட்டமாக வெட்டி, விளிம்பில் சைக்கிள் டியூப் ஒட்டி, கீழே மூடியுள்ள வாளி வைத்தோம். கதிரை சரியாமல் இருக்கக் கால்களைப் பலகையில் இறுக்கினோம். இஸ்தோப்பின் மூலையில் ஒரு திரை. அப்பாயியின் வாழ்க்கையில் பேம்பர்ஸைப் பாதியாகக் குறைத்தது இந்தக் கதிரை.

கடதாசி வேலைகள்

அப்பாயிக்கு ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வேலையிலிருந்து நின்றபோதே கிடைத்து, மகளின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கூரைக்கும் போய்விட்டது. ஊழியர் நம்பிக்கை நிதி மட்டும் எடுக்கப்படாமலே கிடந்தது. காரணம், தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். மலையகத்தில் இது எத்தனை வீட்டில் உண்டு! இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பித்தோம். கையெழுத்துப் போடும் கை விழுந்துவிட்டதால் பெருவிரல் அடையாளம். வங்கியிலும் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டோம். வீட்டில் வயதானவர்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பெயர்களை ஒருதரம் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். படுத்த பிறகு ஒவ்வொரு கையொப்பமும் ஒரு ஆட்டோ பயணம்.

70 வயது தாண்டியவர்களுக்கான அஸ்வெசும (அரச நலன்புரி) உதவித்தொகைக்குக் கிராம சேவகர் மூலம் விண்ணப்பம் போனது. கிளினிக்குக்கு மாதாமாதம் தூக்கிப்போவது முடியாத காரியம் என்று விளக்கியபோது, கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து மருந்து எடுத்துப்போக அனுமதித்தார்கள். பிரஷரையும் சீனியையும் டிஸ்பென்சரியில் பார்த்து அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொண்டு போகவேண்டும் என்பது நிபந்தனை. நியாயமான நிபந்தனை. மாத்திரைகளைச் சின்ன மகன் ஞாயிறு இரவு ஏழு நாளுக்கும் பிரித்து வைக்கிறார்.

இப்போதைய நிலை

எட்டு மாதம் ஆகிறது. அப்பாயி பிடித்துவிட்டால் எழுந்து நிற்கிறார், முக்காலித் தடியோடு இஸ்தோப்புக்குள் நாலைந்து எட்டு வைக்கிறார். வலது கை இன்னும் எழும்பவில்லை. "வா", "போதும்", "பாப்பா" என்று சில சொற்கள் வருகின்றன. இடையில் ஒரு மாதம் யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார். பாரிசவாதத்துக்குப் பின் மனச்சோர்வு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும், அதற்கும் மருத்துவம் உண்டு. கிளினிக்கில் சொல்லி மாத்திரை தொடங்கிய பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். பேத்தி பரீட்சை எழுதிவிட்டாள்.

மாதக் கடைசி ஞாயிறு நடு மகன் வரும்போது எல்லோரும் உட்கார்ந்து தாளைத் திருத்துகிறார்கள். இப்போது கட்டிலைச் சுற்றி நின்று பேசுவதில்லை. அப்பாயியின் கதிரையும் வட்டத்தில் இருக்கிறது.

தீராத விஷயம் ஒன்று உண்டு. குவைத்து மகளின் ஒப்பந்தம் முடிகிறது, வந்து அம்மாவை முழுக்கத் தானே பார்த்துக்கொள்வேன் என்கிறார். அவர் வந்தால் மாதம் வந்த 25,000 நிற்கும், அத்தோடு பெரியம்மாவின் சம்பளமும். வருடக்கணக்கில் அந்நிய வீட்டில் வேலை செய்து களைத்து வருகிற ஒருவர் முதல் நாளிலிருந்தே இரவும் பகலும் இதைச் சுமப்பது சரிவராது என்று நான் சொல்லியிருக்கிறேன். வரட்டும், ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு ஏழு மணி முதல் இரண்டு மணி வரை பெரியம்மாவே நிற்கட்டும், அதற்கான காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள் என்பது என் யோசனை. மகளுக்கு இது இன்னும் ஒப்பவில்லை; "என் அம்மாவைப் பாக்க எனக்கு ஆள் எதுக்கு?" என்கிறார். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் முதல் பேச்சு இதுதான், அதற்கு முன் அப்பாயியிடம் தனியாகக் கேட்டு வைக்கும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.